எஞ்சின் புகையிலிருந்து மின்சாரம்: எரிபொருள் கல மின்வாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிபொருள் கலம் என்பது எரிபொருளைச் சுடரில்லாமல் ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கருவி. அதன் இரு பக்கமும் மின்வாய்கள், நடுவே அயனிகளை மட்டும் கடத்தும் மின்பகுளி. தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். பாடநூல்கள் ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் சொல்லும். மின்னாற்பகுப்பில் அது பொருந்தும். மின்சாரம் தரும் கலத்தில் குறி தலைகீழாகிவிடும். அதனால் இங்கே ஆனோடு, கேத்தோடு என்றே எழுதுகிறேன். எரிபொருள் எலக்ட்ரானை இழக்கும் பக்கம் ஆனோடு, ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பக்கம் கேத்தோடு.

எஞ்சின் புகையில் வீணாவது வெப்பம்தானே? எரிபொருள் கலம் அதை மின்சாரமாக்குமா?

ஆக்காது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாகப் போகிறது என்பது உண்மைதான். அதைப் பிடிக்க வெப்பமின் தகடுகள் உண்டு, டர்போ உண்டு. எரிபொருள் கலம் தேடுவது வேறு: சிலிண்டருக்குள் எரியாமல் தப்பி வந்த கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், ஹைட்ரோகார்பன்கள். இவற்றில் இன்னும் வேதி ஆற்றல் இருக்கிறது. புகையின் வெப்பம் கலத்தை இயங்கும் சூட்டில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தனியாக ஒரு சூடேற்றி வேண்டாம் என்பதே அதனால் வரும் லாபம்.

அப்படித் தப்பி வருவது எவ்வளவு? கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருக்குமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற சரியான விகிதத்தில் எரியும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். வினையூக்கி மாற்றிக்கு (புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) முன்னால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.7%, ஹைட்ரஜன் 0.25%, ஆக்சிஜன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மீதியில் நைட்ரஜன் பெரும்பங்கு. கார்பன் டை ஆக்சைடு 14%, நீராவி 12% அளவில் இருக்கும்.

நொடிக்கு 1 கிராம் பெட்ரோல் குடித்தால் உள்ளே போகும் ஆற்றல் 43 கிலோவாட். வெளியே வரும் புகை 15.7 கிராம், அதாவது 0.54 மோல். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 1.1 கிலோவாட், ஹைட்ரஜனில் 0.3 கிலோவாட். மொத்தம் 1.4 கிலோவாட், பெட்ரோல் ஆற்றலில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இதில் கால்வாசியை மின்சாரமாக எடுத்துவிட்டால் 350 வாட். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 வாட் தரும் கலமானால் 1,750 சதுர சென்டிமீட்டர் மின்வாய் வேண்டும். கால்வாசி என்பது ஆசைக் கணக்கு. பின்னால் சொல்லப்போகும் காரணங்களால் 5 சதவீதம் கிடைப்பதே பெரிது, அது 70 வாட். ஆக, இது காரை ஓட்டும் விஷயம் அல்ல. ஆல்டர்னேட்டரின் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கும் விஷயம்.

டீசல் எஞ்சினில்?

பயனில்லை. டீசல் எஞ்சின் தேவைக்கு மிக அதிகமான காற்றில் ஓடுகிறது. புகையில் ஆக்சிஜன் 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும், எரியாத மிச்சமோ மிகக் குறைவு. போதாததற்கு மின்வாயின் துளைகளை அடைக்கக் கரித்தூள் வேறு.

கார்களில் வரும் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தையே இதற்குப் பயன்படுத்தக் கூடாதா?

அது பாலிமர் படலத்தால் ஆனது, 80 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்குவது. அந்தச் சூட்டில் பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டு நகராது. பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே திறன் குறையத் தொடங்கும். புகையில் இருப்பதோ 7,000 பங்கு. எனவே 500 முதல் 800 டிகிரி வரை இயங்கும் திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம் (மின்பகுளி பீங்கானால் ஆனது) ஒன்றுதான் வழி. அந்தச் சூட்டில் கார்பன் மோனாக்சைடு நஞ்சாக இருப்பதில்லை, எரிபொருளாகிவிடுகிறது.

புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரும் இதே தத்துவம்தானே?

ஆம். இந்தத் துறையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. யிட்ரியா கலந்த சிர்கோனியாவால் (சிர்கோனியம் ஆக்சைடுப் பீங்கான்) செய்த ஒரு விரல் உறை, உள்ளும் புறமும் துளைகளுள்ள பிளாட்டினப் பூச்சு, ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. 1976-இல் பாஷ் நிறுவனம் இதை வாகனங்களுக்குக் கொண்டுவந்தது. முதலில் பொருத்தப்பட்டவை வால்வோ கார்கள். அமைப்பைப் பார்த்தால் அது ஒரு குட்டி திண்ம ஆக்சைடு எரிபொருள் கலமேதான். எரிபொருள் மிகுந்த புகையில் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்த புகையில் சுமார் 0.1 வோல்ட், சரியான விகிதத்தில் செங்குத்தான ஒரு தாவல்.

அந்தத் தாவல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புகையில் எரிபொருள் மிச்சமும் ஆக்சிஜன் மிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று வினைபுரியாமல் வந்து சேர்கின்றன. பிளாட்டினம் இரண்டையும் தன் மேல் வரவழைத்து, அங்கேயே எரித்து, கணக்கைத் தீர்த்துவிடுகிறது. தீர்த்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதைத்தான் சென்சார் சொல்கிறது.

அளவிடும் கருவிக்கு இது அருமையான குணம். மின்சாரம் எடுக்க வருபவருக்கு இதைவிடக் கெட்ட குணம் கிடையாது. நாம் பிழிந்தெடுக்க நினைத்த ஆற்றல் மின்வாயின் மேலேயே வெறும் சூடாகப் போய்விடும். சரியான விகிதத்தில் ஓடும் எஞ்சினில் எரிபொருள் மிச்சமும் ஆக்சிஜன் மிச்சமும் ஏறத்தாழ ஈடாகவே இருக்கும். இரண்டும் எரிந்து முடிந்தால் எடுக்க எதுவும் இருக்காது. புகை இன்னும் சமநிலைக்கு வரவில்லை என்பதுதான் நம் மூலதனம். எனவே மின்வாய்ப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எவ்வளவு சுறுசுறுப்பானது என்பதைவிட, எந்த வினையைச் செய்யாமல் இருக்கிறது என்பது.

ஒற்றை அறைக் கலம் என்பது என்ன?

வழக்கமான கலத்தில் எரிபொருளும் காற்றும் தனித்தனி அறைகளில் இருக்கும். நடுவே வாயு கசியாத தடுப்பு வேண்டும். சூடாகிக் குளிரும் வாகனத்தில் அந்தத் தடுப்புதான் முதலில் விரிசல் விடும். ஒற்றை அறைக் கலத்தில் தடுப்பே இல்லை. எரிபொருளும் ஆக்சிஜனும் கலந்த வாயுவிலேயே முழுக் கலமும் மூழ்கியிருக்கும். ஆனோடு எரிபொருளை மட்டும் பிடிக்க வேண்டும், கேத்தோடு ஆக்சிஜனை மட்டும் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வாயு. மின்னழுத்தம் முழுக்க முழுக்கப் பொருள்களின் தேர்வுத்திறனிலிருந்து வருகிறது. பிளாட்டினத்தையே இரு பக்கமும் பூசினால் மின்னழுத்தம் சுழிதான்.

எஞ்சின் புகை இயல்பிலேயே கலந்த வாயு என்பதால் இரண்டுக்கும் பொருத்தம் பார்த்தது போல் இருக்கும். ஆனால் விலை உண்டு. கலத்துக்குள் நுழையும் எரிபொருளில் பெரும்பகுதி மின்வாயைத் தொடாமலே கடந்து போகிறது, ஒரு பகுதி நேரடியாக எரிந்துவிடுகிறது. ஒற்றை அறைக் கலங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு வாட் என்று பெருமையாகப் போடுவார்கள். உள்ளே போன எரிபொருளில் எத்தனை சதவீதம் மின்சாரமானது என்ற எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மாற்று வழி, ஆனோடு புகையைப் பார்க்க, கேத்தோடு வெளிக்காற்றைப் பார்க்கும்படி குழாய் வடிவில் கட்டுவது. கேத்தோடின் தலைவலி பாதி குறையும். தடுப்பு என்ற பழைய தலைவலி திரும்பி வரும்.

ஆனோடுக்கு எல்லோரும் நிக்கலைச் சொல்கிறார்களே, ஏன்?

விலை குறைவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஹைட்ரஜனைப் பிளக்கும், உருகுநிலை 1,455 டிகிரி. தனி நிக்கல் அல்ல. நிக்கல் துகள்களும் சிர்கோனியா அல்லது சீரியா (சீரியம் ஆக்சைடு) துகள்களும் பின்னிய, துளைகளுள்ள கலவை. உலோகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்பாதை அமைக்க, திடப்பகுதியின் கன அளவில் சுமார் 30% நிக்கல் வேண்டும். வினை நடப்பது நிக்கல், ஆக்சைடு, வாயு மூன்றும் சந்திக்கும் விளிம்புகளில். அந்த விளிம்பின் மொத்த நீளத்தைக் கூட்டுவதுதான் மின்வாய் செய்பவரின் பாதித் தொழில்.

ஆய்வகத்து ஹைட்ரஜனில் நிக்கலுக்கு நிகரில்லை. எஞ்சின் புகையில் அதற்கு மூன்று எதிரிகள் என்பார்கள்: கரி, கந்தகம், ஆக்சிஜன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது தவறு என்பது என் கருத்து.

கரியை எடுத்துக்கொள்ளுங்கள். மீத்தேனையோ புரோப்பேனையோ நேரடியாகச் செலுத்தினால் நிக்கலின் மேல் கரி இழைகள் முளைக்கும், மின்வாயையே உதிர்த்துவிடும். கார்பன் மோனாக்சைடும் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து கரியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியக்கூடியது. 700 டிகிரிக்குக் கீழே இந்த நாட்டம் கூடும். ஆனால் நம் புகையில் கார்பன் மோனாக்சைடு ஒரு பங்கென்றால் கார்பன் டை ஆக்சைடு 20 பங்கு, நீராவி 17 பங்கு. இந்த இரண்டும் கரியைத் தின்றுவிடும். எத்திலீன், அசெட்டிலீன் போன்ற மூலக்கூறுகள் ஆங்காங்கே கரி படியச் செய்யலாம், முழு மின்வாயும் அதனால் அழியாது. மற்ற எரிபொருள் கலங்களைப் பற்றிய அச்சம் இங்கே அப்படியே கடன் வாங்கப்பட்டிருக்கிறது.

உண்மையான எதிரி ஆக்சிஜன். நிக்கல் ஆக்சைடாக மாறினால் கன அளவு ஏறத்தாழ 70% பெருக்கும். திரும்ப உலோகமானால் சுருங்கும், ஆனால் பழைய இடத்துக்கே வராது. சில முறை இப்படி ஊதிச் சுருங்கினால் மேலிருக்கும் மெல்லிய மின்பகுளி விரிசல் விடும். 700 டிகிரியில் நீராவி ஹைட்ரஜனைப் போல ஏறத்தாழ 200 மடங்கை நெருங்கினால் நிக்கல் ஆக்சைடாகத் தொடங்கும். நம் புகையில் இது சுமார் 50 மடங்கு. பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் கலம் ஹைட்ரஜனில் முக்கால்வாசியைப் பயன்படுத்திவிட்டால், வெளியேறும் முனையில் அதே விகிதம் 200 ஆகிவிடும். அதாவது கலம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு ஆபத்தில் நிக்கல் இருக்கிறது.

இதைவிட மோசம், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் தருணம். இன்றைய எஞ்சின்கள் இறக்கத்தில் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். அப்போது சிலிண்டரிலிருந்து வருவது புகை அல்ல, காற்று. 600 டிகிரியில் இருக்கும் நிக்கல்மேல் காற்று வீசுகிறது. ஒரு மணி நேர நகர ஓட்டத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆய்வகத்தில் ஆயிரம் மணி நேரம் ஓடியது என்ற சான்றிதழ் இங்கே செல்லாது.

கந்தகம் பற்றிச் சொல்லவில்லையே?

பல நாடுகளில் பெட்ரோலின் கந்தக வரம்பு எடையில் பத்து லட்சத்துக்கு 10 பங்கு. காற்றோடு கலந்து எரிந்தபின் புகையில் அது கன அளவில் 0.6 பங்காக நீர்த்துவிடுகிறது. குறைவுதான். ஆனால் எரிபொருள் மிகுந்த புகையில் அதில் ஒரு பகுதி ஹைட்ரஜன் சல்ஃபைடாக வருகிறது, நிக்கல் பரப்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சூடு குறையக் குறையப் பிடி இறுகும். 800 டிகிரியில் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் நிக்கல் 600-இல் தடுமாறும். புகையில் வைக்கும் கலம் பெரும்பாலும் அந்தக் கீழ்ச் சூட்டில்தான் இருக்கப்போகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் பாஸ்பரஸ். தேய்மானத் தடுப்புக்காக ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்க்கிறார்கள். கந்தகமாவது எரிபொருள் சுத்தமானால் மெல்ல விலகும். பாஸ்பரஸ் நிக்கலோடு சேர்மமாகிவிடும், திரும்பாது.

நிக்கலுக்கு மாற்றாக என்ன இருக்கிறது?

மூன்று குடும்பங்களைச் சொல்லலாம். முதலாவது செம்பும் சீரியாவும் கலந்தது. 2000-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கோர்ட், வோஸ் குழுவினர் இதைக்கொண்டு ஹைட்ரோகார்பன்களை நேரடியாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். செம்பு கரியை வளர்க்காது, மின்சாரத்தைக் கடத்தும் வேலையை மட்டும் செய்யும்; வினையைச் சீரியா பார்த்துக்கொள்ளும். குறை, செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி. அதற்கு நெடுந்தூரம் முன்பே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துவிடும். முழு வேகத்தில் 900 டிகிரியைத் தொடக்கூடிய மானிஃபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் குழாய்) அருகே இதை வைக்க முடியாது. சற்றுத் தள்ளி, 600 டிகிரி இடத்தில் வைத்தால் யோசிக்கலாம்.

இரண்டாவது, உலோகமே இல்லாத ஆக்சைடு ஆனோடு. லாந்தனம், ஸ்ட்ரான்சியம், குரோமியம், மாங்கனீஸ் கொண்ட பெரோவ்ஸ்கைட்டை (ஒரு வகைப் படிக அமைப்புள்ள ஆக்சைடு) 2003-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தாவோவும் இர்வினும் முன்வைத்தார்கள். இதைக் காற்றில் வைத்தாலும் சிதையாது, எரிபொருளில் வைத்தாலும் சிதையாது. பெட்ரோல் நின்று காற்று வீசும் அந்தத் தருணத்தை நினைத்தால் இந்தக் குணத்தின் அருமை தெரியும். எரிபொருள் பக்கத்தில் அதன் மின்கடத்தல் உலோகத்தின் பக்கத்தில் வராது, ஹைட்ரோகார்பனைப் பிளப்பதிலும் மந்தம். கொஞ்சம் பல்லேடியமோ ருத்தேனியமோ தூவிச் சுறுசுறுப்பாக்குவார்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவர்ந்தது: ஆக்சைடுக்குள்ளிருந்தே உலோகத்தை முளைக்கவைப்பது. நிக்கலை முதலில் பெரோவ்ஸ்கைட்டின் படிகத்துக்குள்ளேயே கரைத்துவிடுகிறார்கள். பிறகு ஹைட்ரஜனில் சூடாக்கினால், சில பத்து நானோமீட்டர் அளவுள்ள நிக்கல் மணிகள் பரப்பில் எழும். மேலே தூவிய துகள் தரையில் கிடக்கும் கூழாங்கல் போல. நகரும், ஒன்றோடொன்று ஒட்டும். முளைத்த மணியோ ஈறில் பதிந்த பல் போல வேரோடு நிற்கிறது. அதனால் தடிப்பது குறைகிறது, கரி அதன் அடியில் புகுந்து தூக்குவதும் கடினம். நிக்கலின் மொத்த அளவு சிறியது என்பதால் அது ஆக்சைடாகி ஊதினாலும் மின்வாயின் எலும்புக்கூடு அசையாது.

பேசாமல் பிளாட்டினமே போட்டுவிட்டால்?

விலையை விடுங்கள். கலந்த வாயுவில் அது எல்லாவற்றையும் எரிக்கும். சென்சார் பற்றிய பதிலைப் பாருங்கள்.

கேத்தோடில் எது நல்லது?

காற்றில் எது நல்லது என்பதும் புகையில் எது நல்லது என்பதும் வெவ்வேறு கேள்விகள். நான்கு பொருள்கள் அடிக்கடி வரும்.

லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட்டு, சுருக்கமாக எல்.எஸ்.எம்., பழைய வேலைக்காரன். அதன் வெப்ப விரிவு சிர்கோனியாவுக்கு மிக அருகில். கார்பன் டை ஆக்சைடுக்கும் அஞ்சாது. ஆனால் ஆக்சிஜன் அயனிகள் அதன் உள்ளே ஓடுவதில்லை, 700 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும்.

லாந்தனம், ஸ்ட்ரான்சியத்தோடு கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த எல்.எஸ்.சி.எஃப். எலக்ட்ரானையும் ஆக்சிஜன் அயனியையும் சேர்த்தே கடத்தும், 600 டிகிரியிலும் வேலை செய்யும். சிர்கோனியாமேல் நேரடியாகப் பூசிச் சுட்டால் இடையில் ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட் என்ற கடத்தாத படலம் உண்டாகும். அதனால் நடுவில் கடோலினியம் கலந்த சீரியா அடுக்கு ஒன்று வேண்டும்.

சமேரியம் ஸ்ட்ரான்சியம் கோபால்டைட்டு ஒற்றை அறை ஆய்வுகளில் அடிக்கடி வருவது. நான்காவதுதான் நட்சத்திரம்: பேரியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு கொண்ட பி.எஸ்.சி.எஃப். 2004-இல் ஆய்வாளர்கள் ஷாவோவும் ஹைலும் 600 டிகிரியில் ஹைட்ரஜனும் காற்றும் கொடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 1,010 மில்லிவாட் எடுத்துக் காட்டினார்கள். எரிபொருளை வீணாக எரிப்பதிலும் மந்தமானது, ஆகவே ஒற்றை அறைக்கு உகந்தது என்றும் சொன்னார்கள்.

ஆனால் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் காரத்தன்மை மிகுந்தவை. கார்பன் டை ஆக்சைடைக் கண்டால் கார்பனேட்டாகிவிடும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04%, எஞ்சின் புகையில் 14%, அதாவது 300 மடங்குக்கும் மேல். பட்டியலில் முதலிடம் பிடித்த பொருள் புகைக்குழாய்க்குள் கடைசி இடத்துக்குப் போவது இப்படித்தான். முழுதும் புகையில் மூழ்கும் கலத்துக்கு, சோர்வாக இருந்தாலும் எல்.எஸ்.எம்.-உம் சீரியாவும் கலந்த கேத்தோடையே நான் முதலில் சோதிப்பேன். வெளிக்காற்றைப் பார்க்கும் கேத்தோடு என்றால் எல்.எஸ்.சி.எஃப்.

குரோமியம் பிரச்சினை என்கிறார்களே, மின்வாயில் குரோமியமே இல்லையே?

குழாயில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு சூட்டில் குரோமியம் ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்கிறது. ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்தால் அந்தத் தோலிலிருந்து குரோமியம் ஆவியாகி வந்து, கேத்தோடின் வினை விளிம்புகளில் மறுபடி ஆக்சைடாகப் படியும். நீராவி கூடக்கூட ஆவியாவதும் கூடும். எஃகின்மேல் மாங்கனீஸ் கோபால்ட் ஸ்பைனல் (ஒரு வகை ஆக்சைடு) பூச்சு கொடுத்தால் பெரிதும் குறையும். கலத்தை அருமையாகச் செய்துவிட்டுக் கூட்டில் கோட்டை விடுவது நடக்கிறது.

மின்பகுளி சிர்கோனியாவா, சீரியாவா?

மின்வாய்ப் பொருளோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டியது. 500–600 டிகிரியில் கடோலினியம் அல்லது சமேரியம் கலந்த சீரியா சிர்கோனியாவைவிட அயனிகளை நன்றாகக் கடத்தும். சூடு கூடினால், எரிபொருள் பக்கத்தில் சீரியம் அயனிகள் சில எலக்ட்ரானைப் பெற்று ஒடுங்கிவிடும். மின்பகுளி எலக்ட்ரானையும் கசியவிடும், மின்னழுத்தம் சரியும், பொருள் லேசாக விரிவடையும். சூடு ஒரே நிலையில் நிற்காத வாகனத்தில் 900 டிகிரிக்கும் தாங்க வேண்டும் என்றால் சிர்கோனியாதான். அப்போது கீழ்ச் சூட்டில் கிடைக்கும் மின்சாரத்தை மறந்துவிட வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் பீங்கான் உடையாதா?

உடையும், தட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால். ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரிகிறது என்பதைப் பத்து லட்சத்தில் சொன்னால் சிர்கோனியா 10.5, சீரியா 12.5, எல்.எஸ்.எம். 11 முதல் 12, எல்.எஸ்.சி.எஃப். 15 அளவில். கோபால்ட் மட்டும் கொண்டவை 20-ஐத் தொடும். ஒட்டியிருக்கும் இரண்டு அடுக்குகள் வெவ்வேறு அளவில் விரிந்தால் உரிந்துவரும். கேத்தோடுப் பொடியில் மின்பகுளிப் பொடியைக் கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிவமும் உதவும். சில மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழாய்க் கலங்கள் வேகமான சூடேற்றத்தைத் தட்டைகளைவிட நன்றாகத் தாங்கும். ஆக்சிஜன் சென்சாரும் குழாய் வடிவில் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளலாம்.

வினையூக்கி மாற்றிக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

பின்னால் வைத்தால் எரிபொருளே இருக்காது. முன்னால் வைத்தால் வேறொரு சிக்கல். மாற்றியிலுள்ள வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக்குவது இதே கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் கொண்டுதான். அவற்றைக் கலம் விழுங்கிவிட்டால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பித்துவிடும். கலமே கேத்தோடில் நைட்ரிக் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கலாம் என்று ஆராய்கிறார்கள். கொள்கையளவில் நடக்கும், ஆனால் பக்கத்திலேயே ஆக்சிஜன் மூலக்கூறு இருக்கும்போது மின்வாய் சுலபமானதையே முதலில் எடுக்கும். நைட்ரிக் ஆக்சைடை விரும்பித் தேர்ந்தெடுக்கும் மின்வாய் இன்னும் கைக்கு வரவில்லை.

புகையில் எரிபொருள் போதவில்லை என்றால், கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டு ஓட்டினால் என்ன?

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது. 10% கூடுதல் பெட்ரோல் விட்டால் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு ஏறும். கலம் மகிழும், நிக்கலும் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் பெட்ரோலில் கலம் திருப்பித் தரும் பங்கு, அதே பெட்ரோலை எஞ்சின் தண்டுக்குக் கொடுக்கும் பங்கைவிடக் குறைவு.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் புதிய கலவையின் ஒரு கணிசமான பங்கு எரியாமலே வெளியேறும். அங்கே எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்தே தப்புவதால் ஒற்றை அறைக் கலத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. இன்னொன்று, வாகனமே இல்லாத சூடேற்றும் அடுப்புகள். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மில்காரெக், ஆன் ஆகியோர் ஆராய்ந்த சுடர்த்துணைக் கலங்களில், எரிபொருள் மிகுந்த சுடரே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் தயாரிக்கும் கருவி. மிஞ்சும் வெப்பம் எப்படியும் அறையைச் சூடாக்கவே தேவைப்படுகிறது. அங்கே கணக்கு வேறு.

இதை யாராவது உண்மையான எஞ்சினில் செய்து பார்த்திருக்கிறார்களா?

ஜப்பானில் ஹிபினோவின் குழு. 2000-இல் அவர்கள் சமேரியம் கலந்த சீரியாக் கலத்தில் ஈத்தேன்–காற்றுக் கலவையைச் செலுத்தி 500 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 403 மில்லிவாட் பெற்றார்கள்; ஒற்றை அறைக் கலத்தை உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். 2008-இல் அதே குழுவினர் 12 சிறு கலங்களை அடுக்கி எஞ்சின் புகையிலேயே வைத்து ஒரு வாட் அளவில் எடுத்தார்கள். ஒரு வாட் என்றால் சிறு எல்.இ.டி. விளக்கு எரியும். சிரிக்க வேண்டாம், தடுப்பு இல்லாமல், தனிச் சூடேற்றி இல்லாமல், உண்மையான புகையில் கிடைத்த வாட் அது.

நான் முதுகலை மாணவர். புதிய மின்வாய்ப் பொருளைச் சோதிக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

கலம் செய்வதற்கு முன்பே பொடியைச் சோதியுங்கள். கேத்தோடுப் பொடியை மட்டும் ஒரு குவார்ட்ஸ் குழாயில் வைத்து, கார்பன் மோனாக்சைடு 0.7%, ஆக்சிஜன் 0.5% உள்ள வாயுவைச் செலுத்துங்கள். 400 முதல் 700 டிகிரி வரை வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால், அந்தப் பொடி எரிபொருளை எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். பாதிக்கு மேல் தின்றால் ஒற்றை அறைக்கு அது ஆகாது. எத்தனையோ மாத உழைப்பு மிச்சம்.

அடுத்து, அதே பொடியை 14% கார்பன் டை ஆக்சைடும் 12% நீராவியும் உள்ள வாயுவில் ஒரு நாள் சூடாக்கி எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் கார்பனேட் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். உலர்ந்த வாயுவில் எடுத்த முடிவுகளை நம்ப வேண்டாம்.

ஆனோடானால், ஐந்து நிமிடம் போலிப் புகை, அரை நிமிடம் காற்று, மறுபடி புகை என்று நூறு சுற்று ஓட்டி, ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் மின்தடையை அளந்து வையுங்கள். உச்சத் திறன் எவ்வளவு என்பதை நூறாவது சுற்றுக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.